மாறி வந்த கடிதாசு

"அம்மா, கடிதமெல்லாம் முடிஞ்சாச்சு. குகைக்குப் போகட்டுமா?"

பரஞ்சோதி இப்படிக் கேட்டபோது காலை மணி ஒன்பதேகால்.

திலகவதி அம்மை முற்றத்தில் உட்கார்ந்து திருநீற்றுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நேத்து வந்த கடிதமா?"

"நேத்து வந்ததும், இன்னைக்கு விடிகாலை மெயில்ல வந்ததும்."

"எத்தனை?"

"நூத்திப் பன்னிரண்டு."

அம்மையின் கை நின்றது.

சுனைப்பாறை மடம் பெரிய மடமெல்லாம் இல்லை. ஒரு பாறை, அதற்குள் வற்றாத ஒரு சுனை, ஓடு போட்ட மூன்று அறை, மேலே ஒரு ஆள் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு ஒரு குகை. அவ்வளவுதான். யானை கிடையாது, தங்கத்தேர் கிடையாது.

ஆனால் ஒரு வழக்கம் உண்டு. யார் கடிதம் எழுதினாலும் பதில் போகும், கூடவே ஒரு பொட்டலம் திருநீறும் போகும். வந்த கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதி முடிக்காமல் அந்த மடத்தில் மத்தியானத்துக்கு உலை வைக்க மாட்டார்கள்.

அதனால் அங்கே மத்தியானச் சாப்பாடு என்பது பல நாள் சாயங்காலம் நாலு மணிக்கு.

பரஞ்சோதிக்கு வயது அறுபத்துநாலு. டெலிபோன் ஆபீசில் முப்பத்துமூன்று வருஷம் வேலை. ஊரார் பேசுவதற்கெல்லாம் கம்பம் ஏறிக் கம்பி இழுத்தவர். ஓய்வு பெற்ற மறுவருஷம் பெண்சாதியும் போய்ச் சேர்ந்தாள். பேச்சே இல்லாத இடம் ஒன்று வேண்டும் என்று மலையேறி வந்துவிட்டார்.

மடத்துத் தலைவியான அம்மை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் பரஞ்சோதி பார்த்தவுடன் அவர் காலில் விழுந்து கும்பிட்டார்.

"எனக்கு மௌனம் வேணும் அம்மா. அந்தக் குகையைக் குடுங்க."

"கடிதம் எழுத ஆள் இல்லை அய்யா. அது முடிஞ்சா போங்க."

மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. கடிதம் எங்கே முடிகிறது? ஒருவருக்குப் பதில் போனால் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுவார். மறுவாரம் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று வரும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு பக்தர் மடத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிக் கொடுத்தார்.

பரஞ்சோதி அதைப் பிடித்துக்கொண்டார்.

"நூத்திப் பன்னிரண்டு எப்படி முடிஞ்சுதுன்னு வாங்கம்மா, காட்டுறேன்" என்று அம்மையைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரைக்கு உச்சியில் ஒரு பட்டை. ஓரத்தில் மணி காட்டும், இன்டர்நெட் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். அந்த வரிசையிலேயே ஒரு சின்ன அகல்விளக்குப் படம் உட்கார்ந்திருந்தது. அது பரஞ்சோதி கொண்டுவந்து வைத்தது.

விளக்கை அழுத்தினார். மேலிருந்து ஏணி இறக்கிய மாதிரி ஒரு பட்டியல் இறங்கியது.

கல்யாணம். பிள்ளைப்பேறு. பரீட்சை. கடை திறப்பு. புது வீடு. புது வண்டி. வெளிநாட்டுப் பயணம். உடம்பு சுகமில்லை. மறைவு.

"மொத்தம் நாற்பத்தொண்ணு அம்மா. எதை அழுத்துறோமோ, அது சம்பந்தமான ஆசி வரும். பேரையும் விலாசத்தையும் மிஷினே எடுத்துப் போட்டுக்கும். உறையும் தானா அடிச்சுரும். நான் பொட்டலத்தை உள்ள வச்சு ஒட்ட வேண்டியதுதான்."

"நான் அழுத்தலாமா?"

"அழுத்துங்க அம்மா."

அம்மை பரீட்சையை அழுத்தினார். பிரிண்டர் ஒரு இருமல் இருமி, தாளைத் துப்பியது. அம்மைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். கடை திறப்பை அழுத்தினார். புது வீட்டை அழுத்தினார்.

"நல்லா இருக்கே!"

அடுக்களையிலிருந்து சங்கிலி எட்டிப் பார்த்தார். மடத்துச் சமையல்காரர்.

"அம்மா, அதைக் கழட்டச் சொல்லிராதீங்க. பத்து நாளா பன்னிரண்டரைக்கு இலை போடுறேன். பரஞ்சோதி அய்யா நூறு வருஷம் இருக்கணும்."

அம்மை இன்னொரு தடவை விளக்கை அழுத்தி, ஏணி இறங்குவதைப் பார்த்தார்.

"அழுத்துறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"கடிதத்தைப் படிப்பேன்."

"முழுசாவா?"

பரஞ்சோதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேவையான அளவுக்கு அம்மா. முதல் ரெண்டு வரியிலயே விஷயம் தெரிஞ்சுரும்."

அம்மை மேலே கையைக் காட்டினார்.

"போங்க. குகை உங்களுக்குத்தான்."

தினமும் ஒன்பது மணிக்குக் கடிதத்தை முடிப்பார். ஒன்பதரைக்குக் குகையில் இருப்பார். இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள், பதினோரு மணிக்கெல்லாம் கீழே இறங்கி வந்தார்.

"அம்மா, குகையில சத்தம் தாங்கலை."

"அங்க யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

"பிறகு?"

பரஞ்சோதி முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"கண்ணை மூடினா அந்தப் பட்டியல் இறங்குது அம்மா. குருவி கத்துது, பட்டியல் இறங்குது. கால்ல எறும்பு ஊருது, பட்டியல் இறங்குது. எது வந்தாலும் டக்குனு ஒண்ணை அழுத்தி, ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிடுறேன். அது போனா அடுத்தது வந்து நிக்குது."

காலில் ஒட்டியிருந்த எறும்பைத் தட்டிவிட்டார்.

"இன்னைக்கு என் சம்சாரம் ஞாபகம் வந்துச்சு. பச்சைச் சேலை. கொடியில துணி எடுத்துட்டு இருக்கா. திரும்பி என்னமோ கேக்க வர்றா. அதுக்குள்ள நான் 'மறைவு'ங்கிறதை அழுத்திட்டேன் அம்மா. 'அன்னாரின் ஆன்மா இறைவன் திருவடியில் இளைப்பாறுக'ன்னு பதில் வந்துருச்சு. அவ போயிட்டா."

அம்மை எழுந்து வந்தார். பரஞ்சோதியின் நெற்றியில், வலது ஓரமாக விரலை வைத்தார்.

"இங்கதான் இருக்கா அந்த விளக்கு?"

"ஆமா அம்மா."

அழுத்தினார்.

"என்ன வந்துச்சு?"

"'குருவருள் பெருகுக'ன்னு வந்துச்சு. பட்டியல்ல இருபத்தாறாவது."

அம்மை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருநீறு சிந்திப்போயிற்று. பரஞ்சோதிக்குச் சிரிப்பு வரவில்லை. 

"மூணு வருஷம் இதுக்குத்தானே அம்மா காத்திருந்தேன். இனிமே எங்க போவேன்? இதை எப்படி நிறுத்துறது?"

அம்மை வாயைத் திறப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"கடிதாசு போடுற சாமி இருக்காங்களா?"

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மூன்று பஸ் மாறி வந்த புழுதி முகத்தில் இருந்தது. ஒரு கையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். இன்னொரு கையில் மடத்து உறை.

பெயர் சுடலைவடிவு என்றாள். உறையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சாமி, இது மாறி வந்துட்டு."

"மாறியா?"

"ஆமா. மேல என் பேருதான் இருக்கு. ஆனா உள்ள இருக்கது எனக்கு எழுதினது இல்ல."

பரஞ்சோதி பிரித்துப் பார்த்தார். 'புதிய வாகனம் சுனைநாதர் அருளால் எங்கும் தடையின்றி ஓடி, எல்லா நலமும் கொண்டுவருக.' அவரே எழுதி வைத்த வாசகம்தான்.

"யாரோ புது வண்டி வாங்கினவுக கேட்டிருப்பாக போல. அவுகளுக்குப் போக வேண்டியது எனக்கு வந்துட்டு. திருநீறைக்கூட நான் தொடல சாமி. அப்படியே இருக்கு. பாவம், அவுக காத்துக்கிட்டுக் கிடப்பாகல்லா?"

"அதைக் குடுக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"குடுக்கவும்தான். வாங்கிட்டுப் போகவும்தான்." சுடலைவடிவு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு எழுதினது அவுககிட்டத்தானே இருக்கும்? விலாசம் சொன்னீகன்னா நானே போயி மாத்திக்கிடுவேன்."

பரஞ்சோதி கண்ணை மூடினார்.

பட்டியல் இறங்கியது. மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். கீழேயிருந்து மேலே வரைக்கும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"என் கடிதாசு யார்கிட்ட இருக்கு சாமி?"

பரஞ்சோதி அம்மையைப் பார்த்தார்.

அம்மை அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சங்கிலி, உலையை இறக்குங்க."

"என்னது?" கரண்டியோடு ஓடி வந்தார் சங்கிலி. "அம்மா, தண்ணி தளதளன்னு கொதிக்குது. அரிசியை அள்ளிட்டேன்."

"அள்ளின அரிசியைத் திரும்பக் கொட்டுங்க. ஒரு கடிதம் பாக்கி இருக்கு."

சங்கிலி பரஞ்சோதியை ஒரு பார்வை பார்த்தார். நூறு வருஷம் இருக்கச் சொன்ன பார்வை இல்லை அது.

அம்மை உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கி வந்தார். கம்ப்யூட்டர் மேசைக்கும் பரஞ்சோதியின் நாற்காலிக்கும் நடுவில் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பவும் முற்றத்துக்குப் போய்ப் பொட்டலம் மடிக்க உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

பரஞ்சோதி நாற்காலியிலும் சுடலைவடிவு முக்காலியிலும் உட்கார்ந்தார்கள். திரை அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

இப்போது பரஞ்சோதிக்கு எதிரே அவள் முகம் மட்டும்தான் இருந்தது.

"என்னம்மா எழுதியிருந்தீங்க?"

"அதான் ரெண்டு பக்கம் எழுதிருந்தேனே சாமி."

"வாயால சொல்லுங்க. நான் கேக்குறேன்."

போன ஆவணியில் ஒரு குட்டியானை வண்டி வாங்கினார்கள். சின்னச் சரக்கு வண்டி. அவள் புருஷன் கணபதியாபிள்ளை, தோட்டந்தோட்டமாகப் போய் வாழைத்தார் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவார். கார்த்திகையில் ஒரு நாள் தார் ஏற்றும்போதே விழுந்தார். வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டது. வாயும் குழறிப்போயிற்று.

வண்டி வாங்கிய சேதி அவள் கடிதத்தில் முதல் வரி. பரஞ்சோதி படித்தது அந்த ஒரு வரிதான். அவருக்குக் காது மடல் சுட்டது.

"பிறகு?"

"பிறகென்ன, வண்டி வாசல்ல நிக்கி. நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். எட்டுப் போட்டுக் காட்டி லைசென்சும் எடுத்துட்டேன். ஊரே சிரிச்சுது."

"எதுக்குச் சிரிச்சாங்க?"

"எட்டுப் போடச் சொன்னா நான் ஒம்பது போட்டேன்னு. முதல் தடவை." அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பக்கத்துல மாஸ்டர் இருந்தா நல்லா ஓட்டுதேன் சாமி. எங்க வண்டியில ஏறி உக்காந்தா கை ஓட மாட்டேங்கு. அந்த ஸ்டீரிங்குல அவரு கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுன்னு இருக்கு. அதுல கை வைக்கவும் நடுக்கம் வந்துருது. சாவியை உருவிட்டு இறங்கிருவேன்."

"எத்தனை தடவை இப்படி?"

"இதுவரைக்கும் ஏழு."

"வேற யாரையாவது ஓட்டச் சொன்னா?"

"சொல்லிப் பாத்தாச்சு. ஒருத்தன் நாலு நாள் ஓட்டினான், அஞ்சாம் நாள் வரல. தார் எல்லாம் தோட்டத்துலயே பழுத்துச் சிந்துது. வியாழக்கிழமை சந்தை. இந்த வியாழனும் போகலன்னா, தோட்டக்காரங்க வேற வண்டியைப் பேசிருவாங்க. அப்புறம் எங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க."

முற்றத்தில் காகிதம் மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அவருக்கு எங்க பேச்சு வருது? கட்டிலை வாசல் பக்கமா போட்டிருக்கேன். நாள் பூரா வண்டியையே பாப்பாரு. நான் சாவியை எடுத்தாப் போதும், கண்ணு ரெண்டையும் உருட்டி உருட்டி வண்டியைக் காட்டுவாரு. என்னமோ சொல்ல வாராரு."

"எடுன்னு சொல்றாரா, எடுக்காதேன்னு சொல்றாரா?"

"அதைத்தான் சாமி உங்ககிட்ட எழுதிக் கேட்டிருந்தேன்."

பரஞ்சோதி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிலில் கிடக்கிற அந்த மனுஷனை நினைத்தார். உருளுகிற அந்தக் கண்ணை நினைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் திக்கென்றது. இந்த மடத்திலிருந்து அப்படி ஒரு பதில் யாருக்கும் போனதில்லை.

சுடலைவடிவு கோபப்படவில்லை. தலையை ஆட்டினாள்.

"அப்படி எழுதிப் போட்டிருந்தாக்கூட, இது எனக்கு வந்ததுதான்னு தெரிஞ்சிருக்கும்."

பரஞ்சோதி எழுந்தார்.

"நீங்க எழுந்திரிக்க வேண்டாம்" என்று சொல்லி, கீபோர்டை எட்டி எடுத்து மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். திரையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். விளக்குப் பக்கம் போகவில்லை. ஒரு வெறும் தாளைத் திறந்தார்.

"உங்க கடிதாசு யார்கிட்டயும் இல்லம்மா. அது இன்னும் எழுதவே இல்லை. தப்பு என்னுது. இப்ப எழுதுவோம்."

"எழுதுங்க."

"எனக்கு வண்டியும் தெரியாது, வாழைத்தாரும் தெரியாது. உங்களை மாதிரியே ஒரு அம்மா, இதே சங்கடத்தோட உங்ககிட்ட வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

"நானா?"

"நீங்கதான்."

சுடலைவடிவு உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி, போடுங்க. 'ஏ சுடலைவடிவு.'"

பரஞ்சோதி இரண்டு விரலால் தட்டினார்.

"'வியாழக்கிழமை வரைக்கும் உக்காந்து கும்பிட்டுக்கிட்டே இருக்காத. புதன்கிழமை காலையிலயே வண்டியை எடு. சந்தைக்குப் போகாத. அம்மன் கோயில் வரைக்கும் போயிட்டுத் திரும்பு. முதல் கியர்லயே போ. எவன் சிரிச்சாலும் திரும்பிப் பாக்காத.' போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"'பக்கத்துல ஆள் இல்லன்னுதானே உனக்கு நடுக்கம்? பக்கத்து சீட்டுல...'"

நிறுத்தினாள்.

பரஞ்சோதியின் விரலும் நின்றது. காத்திருந்தார்.

அவள் கண் அங்கே இல்லை. எங்கேயோ தூரத்தில், ஒரு வாசலில் இருந்தது. அங்கே ஒரு கட்டில் கிடந்தது.

"சாமி."

"சொல்லுங்கம்மா."

"அவரு எடுன்னும் சொல்லல. எடுக்காதேன்னும் சொல்லல."

"பின்னே?"

"'என்னையும் ஏத்திக்கிட்டுப் போடீ'ன்னு சொல்லுதாரு சாமி! ஆறு மாசமா இதைத்தான் சொல்லுதாரு. நான் ஒரு கூறுகெட்டவ."

அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பரஞ்சோதிக்கும் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவர் தேடவில்லை.

"தூக்கி உக்கார வைக்க முடியுமா?"

"என் கொழுந்தனாரு ரெண்டு பேரு இருக்காக. ஏத்தி உக்கார வச்சு பெல்ட்டைப் போட்டுட்டா சாய மாட்டாரு. இடது கை நல்லாத்தானே இருக்கு, ஜன்னலைப் பிடிச்சுக்கிடுவாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போடுங்க சாமி. 'பக்கத்து சீட்டுல உன் புருஷனை உக்கார வை. கிளட்சை எப்ப விடணும்னு அவரு கண்ணு சொல்லும்.'"

தட்டினார்.

"முடிவுல என்ன போடணும்மா?"

"ஆசி கீசி ஏதாவது போடுவீங்களே."

"நீங்க சொல்றதைத்தான் போடுவேன்."

அவள் யோசித்தாள்.

"'பயம் வந்தா ஹாரன் அடி'ன்னு போடுங்க."

போட்டார்.

பிரிண்டர் இருமியது. சுடலைவடிவு தாளை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். பேரைத் தடவிப் பார்த்தாள்.

"இது எனக்கு எழுதினதுதான்" என்றாள்.

அம்மை ஒரு பொட்டலம் திருநீற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இருந்து சாப்பிட்டுப் போம்மா" என்றார்.

"இல்லம்மா. ரெண்டு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது அஞ்சுக்குத்தான். அதுக்குள்ள அவருகிட்டப் போயி சொல்லணும்."

பழத்தை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். ஓட்டமும் நடையுமாக.

சங்கிலி உலையை மறுபடியும் அடுப்பில் ஏற்றினார். ஏற்றுகிற சத்தத்திலேயே அவர் மனசு தெரிந்தது.

அம்மை பரஞ்சோதியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"குகை சும்மாதான் கிடக்கு. போகலியா அய்யா?"

பரஞ்சோதியின் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. காலையில் பதில் போட்டு முடித்துக் கட்டி வைத்திருந்த கடிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த ஒன்றை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பெரியவர் மூட்டு வலின்னு எழுதியிருக்காரு. ராத்திரி தூங்க முடியலையாம். நான் பாட்டுக்கு 'உடம்பு சுகமில்லை'யை அழுத்திட்டிருக்கேன்."

மேசை மேலிருந்த போனை இழுத்து, கடிதத்தில் இருந்த நம்பரைப் போட்டார்.

"எந்தக் காலுன்னு எழுதலை. கேட்டுக்கிட்டு வர்றேன்."

சங்கிலி அடுக்களை வாசலில் வந்து நின்றார். கையில் அரிசிப் படி. அம்மையின் முகத்தைப் பார்த்தார்.

அம்மை ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார்.

போனில் அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.